யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்

2015 ஆகஸ்ட் 26. ஜப்பானில் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்க இன்னும் ஆறே நாள். கமகுரா நகரின் மத்திய நூலகத்துக்கு ஒரு ட்விட்டர் கணக்கு இருந்தது. புது வரவு, விடுமுறை நாள், கண்காட்சி என்று சாதுவான அறிவிப்புகள் வரும் இடம். அன்றைக்கு அதில் எழுதிய நூலகர் பிள்ளைகளைப் பார்த்து நேராகப் பேசினார். பள்ளி திறக்கப்போகிறதே என்று உயிர் போகும் அளவுக்குத் தவிப்பவர்கள் லீவு போட்டுவிட்டு நூலகத்துக்கு வந்துவிடுங்கள் என்றார். காமிக்ஸ் இருக்கிறது, லைட் நாவல்களும் இருக்கின்றன, பொழுதன்றைக்கும் உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றார். பள்ளிக்குப் போவதைவிடச் செத்துப்போகலாம் என்று தோன்றினால், தப்பி ஓடி வர நூலகம் என்று ஓர் இடம் இருப்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள் என்று முடித்தார்.

அந்தச் சில வரிகள் ஒரே நாளில் பல்லாயிரம் பேரின் கை மாறி, செய்தித்தாள்களுக்கும் தொலைக்காட்சிக்கும் போய்ச் சேர்ந்தன. அரசு ஊழியர் ஒருவர், அரசுக் கணக்கிலிருந்து, பள்ளிக்குப் போக வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொன்னது பலரை உலுக்கியது. என்னை நிறுத்தியது வேறு இடம். ‘யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்’ என்ற அந்த உறுதி. நாங்கள் உன்னோடு பேசுவோம், விளையாடுவோம், உன்னைச் சிரிக்க வைப்போம் என்று அவர் ஆசை காட்டவில்லை. சும்மா உட்காரலாம் என்று மட்டும் சொன்னார்.

ஜப்பானியர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: இபாஷோ. ‘இ’ என்றால் இருப்பு, ‘பாஷோ’ என்றால் இடம். அப்படியே தமிழில் போட்டால் ‘இருப்பிடம்’ என்று வரும். நமக்கு அது ரேஷன் கார்டில் எழுதும் முகவரி. அங்கே, ஒருவர் தான் தானாகவே இருந்துகொள்ள முடிகிற இடத்துக்கு அந்தப் பெயர். சொந்த வீட்டில்கூட இபாஷோ இல்லாமல் போகலாம். பள்ளிக்கு வராத பிள்ளைகளைப் பற்றி 1992-ல் கல்வி அமைச்சகத்தின் நிபுணர் குழு கொடுத்த அறிக்கையின் தலைப்பிலேயே ‘மனதின் இபாஷோ’ இடம்பெற்றது.

நூலகர் அந்த நாளில் எழுதியதற்குக் காரணம் இருந்தது. 1972 முதல் 2013 வரை 42 ஆண்டுகளில் தற்கொலை செய்துகொண்ட, 18 வயது வரையிலானவர்களின் கணக்கை ஜப்பான் அரசு நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்திருந்தது. மொத்தம் 18,048 பேர். ஆண்டின் எல்லா நாள்களிலும் உச்சத்தில் நின்றது செப்டம்பர் 1, 131 பேர். பல பள்ளிகளில் அன்றுதான் இரண்டாம் பருவம் தொடங்கும். அதற்கு அடுத்த இடம், புதுக் கல்வியாண்டு தொடங்கும் ஏப்ரலில் ஒரு நாளுக்கு. பள்ளி மணிக்கும் மரணத்துக்கும் இடையில் இவ்வளவு நேரான கோடு இருப்பதை அந்தக் கணக்கு வந்த பிறகு யாராலும் மறுக்க முடியவில்லை. (இதை வாசிக்கும் தம்பி, தங்கை யாருக்காவது அப்படி ஒரு தவிப்பு இருந்தால், இந்தக் கட்டுரை கிடக்கட்டும். 1098 அல்லது 14416. எந்த நேரமும் எடுப்பார்கள். காசு கிடையாது.)

மான் திருப்பிய முகம்

ஜப்பானில் ஹனஃபுடா என்று ஒரு சீட்டுக்கட்டு. ராஜா, ராணிக்குப் பதில் பூவும் செடியும், மாதத்துக்கு ஒரு வகை. பத்தாம் மாதத்துச் சீட்டில் மேப்பிள் மரத்தடியில் ஒரு மான், முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு நிற்கும். மானுக்கு ‘ஷிகா’, பத்துக்கு ‘தோ’. இரண்டும் சேர்ந்து சூதாடிகளின் பேச்சில் ‘ஷிகாத்தோ’ ஆனது. இன்று அது பள்ளிப் பிள்ளைகளின் சொல். ஒருவரைக் கண்டும் காணாததுபோல் மொத்த வகுப்பும் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு ஷிகாத்தோ என்று பெயர்.

அடி இல்லை, திட்டு இல்லை. “குட் மார்னிங்” சொன்னால் பதில் வராது. கீழே விழுந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தால் ஒதுக்கப்பட்டவளின் கை பட்டதென்று துடைப்பார்கள். ஆசிரியரிடம் போய் என்னவென்று சொல்வது? “யாரும் என்னோடு பேச மாட்டேங்கிறாங்க, மிஸ்” என்று 13 வயதில் சொல்லிப் பாருங்கள். “நீ போய்ப் பேசும்மா” என்பதுதான் பதிலாக வரும்.

பழைய ஜப்பானியக் கிராமத்தில் இதற்கு ‘முரா ஹச்சிபு’ என்று பெயர். ஊரார் கூடிச் செய்யும் காரியம் பத்து என்றால், தீயை அணைக்கவும் பிணத்தை எடுக்கவும் மட்டும் வருவார்கள், மற்ற எட்டுக்கும் அந்தக் குடும்பம் இல்லை என்று விளக்கம் சொல்வார்கள். நம்மூர் ஊர்விலக்கத்துக்கு உடன்பிறப்பு. கிராமம் நகரமானது, வழக்கம் வகுப்பறைக்குக் குடிபோனது.

ஜப்பான் பள்ளிகளைப் பற்றிய வீடியோக்கள் நம் வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். பிள்ளைகளே வகுப்பைக் கூட்டித் துடைக்கிறார்கள், வெள்ளைத் தொப்பியும் ஏப்ரனும் கட்டிக்கொண்டு அவர்களே சாப்பாடு பரிமாறுகிறார்கள், பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று கூடவே ஓர் அறிவுரையும் வரும். நல்ல பழக்கம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதையே வகுப்பால் ஒதுக்கப்பட்ட ஒருத்தியின் இடத்திலிருந்து பாருங்கள். பாடத்துக்குப் பாடம் ஆசிரியர்தான் மாறுவார். அறையும் அதே முகங்களும் ஆண்டு முழுக்க மாறாது. அவர்களோடுதான் சாப்பிட வேண்டும், பெருக்க வேண்டும், சுற்றுலா போக வேண்டும். பள்ளி வாசலில் காலணியை மாற்றிக்கொள்ளும் அலமாரியிலேயே அவள் நாள் தொடங்கிவிடும்: உள்ளே போட்டுக்கொள்ளும் ஷூவைக் காணோம். சமூகவியலாளர் அசாவோ நைத்தோ இந்த மாறாத வகுப்பு முறையையே கலைத்துவிட வேண்டும் என்று பல ஆண்டுகளாக வாதாடிவருகிறார். எனக்கு அவர் வாதம் மிகையாகப் படவில்லை.

அந்த அறைக்குள் யார் மேல், யார் கீழ் என்ற அடுக்குக்கு ஜப்பானியப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் நம்மைத் தூக்கிவாரிப்போடும்: ‘ஸ்கூல் காஸ்ட்’. ஆமாம், சாதியேதான். முதல் படை, இரண்டாம் படை, மூன்றாம் படை என்று அதற்கு உள்பிரிவும் உண்டு. இதைப் பற்றிப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. பிறப்பால் வராத, ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் கலைகிற ஒரு சின்ன அடுக்குக்குப் பெயர் தேடியவர்கள், உலகத்தில் இருக்கும் சொற்களிலெல்லாம் இந்தியாவை நினைவூட்டும் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். வெட்கப்படுவதா, நம் பிள்ளைகள் சாதியைக் காட்டக் கையில் கட்டிவரும் வண்ணக் கயிறுகளை நினைத்துக்கொள்வதா தெரியவில்லை.

மாட்டிக்கொண்டால் சொல்லவும் ஒரு சொல் தயார். துன்புறுத்தலுக்கு ‘இஜிமே’. சும்மா வேடிக்கைக்குச் சீண்டுவதற்கு ‘இஜிரி’. “இஜிமே இல்லை சார், இஜிரிதான்.” நம் பையன்கள் “சும்மா கலாய்ச்சோம் சார்” என்கிற அதே குரல். தமிழில் நமக்குக் கலாய்ப்பதற்கும் ஓட்டுவதற்கும் வைத்துச் செய்வதற்கும் சொல் உண்டு. ராகிங்குக்குச் சட்டமே உண்டு, 1997-லிருந்து. பட்டவரின் பக்கம் நின்று சொல்லும் சொல்தான் அகப்படவில்லை.

1980-களில் யோஜி மொரிதா என்ற சமூகவியலாளர் வகுப்பறையை நான்கு வட்டமாக வரைந்து காட்டினார். நடுவில் பாதிக்கப்பட்டவர். அடுத்து, செய்பவர்கள். மூன்றாவது வட்டம், பார்த்துச் சிரிப்பவர்கள். நான்காவது, பார்த்தும் பேசாதவர்கள். துன்புறுத்தல் ஓங்குவதும் ஓய்வதும் வெளி வட்டங்களைப் பொறுத்தது என்றார். இதைப் படித்தபோது எனக்கு ஒன்பதாம் வகுப்பு நினைவுக்கு வந்தது. திக்கித் திக்கிப் பேசும் ஒரு பையன். வருகைப் பதிவில் அவன் பெயர் வந்ததும், “உள்ளேன் ஐயா” என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசை முழுக்க அவனைப்போலவே திக்கிக் காட்டும். நான் ஒருநாளும் திக்கிக் காட்டியதில்லை. சிரித்திருக்கிறேன். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் வரவில்லை, டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். மொரிதாவின் படத்தில் என் இடம் மூன்றாவது வட்டம்.

அந்த வட்டங்களில் ஆசிரியர்களும் நிற்க முடியும் என்று ஜப்பான் 1986-ல் கண்டுகொண்டது. டோக்கியோவின் நகனோ பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் காலையில் வந்து பார்த்தால், அவன் மேசையில் அவனுடைய படம், பூ, எரியும் ஊதுபத்தி. கூடவே, இறந்தவனுக்கு விடை சொல்வதுபோல வகுப்பே கையெழுத்திட்ட அட்டை. ‘சாவு விளையாட்டு’. அட்டையில் நான்கு ஆசிரியர்களின் கையெழுத்தும் இருந்தது, வகுப்பாசிரியருடையது உட்பட. இரண்டரை மாதம் கழித்து, பிப்ரவரியில், அவன் உயிரை விட்டான். 13 வயது. அந்த அட்டை துன்புறுத்தலில் சேராது என்று 1991-ல் கீழ் நீதிமன்றம் சொன்னது. சேரும் என்று மேல் நீதிமன்றம் சொல்ல 1994 ஆனது. அதுவரை அரசு வைத்திருந்த இலக்கணமோ இன்னும் விசித்திரம்: சம்பவத்தைப் பள்ளி உறுதி செய்திருந்தால்தான் அது இஜிமே! 2011-ல் ஓட்சு நகரில் இன்னொரு 13 வயதுப் பையனின் உயிர் போய், பள்ளியும் கல்வி வாரியமும் அதை மூடப் பார்த்ததாக நாடே கொதித்த பிறகுதான், 2013-ல் தனிச் சட்டம் வந்தது. பட்டவருக்கு வலித்தால் அது இஜிமே என்கிறது சட்டம்.

அழியாத அடையாள அட்டை

இனி, மிட்சுயோ. 1965-ல் பிறந்த பெண். அவள் கதையை அவளே பின்னாளில் புத்தகமாக எழுதி, 2000-ல் வெளிவந்து, 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதனால் ஜப்பானில் அது ஊரறிந்த கதை.

நடுநிலைப் பள்ளியில் படிக்கும்போது புதுப் பள்ளிக்கு மாறினாள். ஷிகாத்தோ தொடங்கியது. தோழிகள் என்று நம்பி மனதிலிருந்ததைக் கொட்டியவர்களே அதை ஊர் சிரிக்க வைத்தார்கள். 14 வயதில் முகோ ஆற்றங்கரையில் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றாள். பிழைத்தாள். உடம்பு தேறியதும் மறுபடி அதே பள்ளி, அதே அறை. செத்துப் பிழைத்து வந்தவளைப் பார்த்து வகுப்பு மனம் இளகியிருக்கும் என்று நினைப்போம். இன்னொரு காரணம் கிடைத்தது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் போய்ச் சேர்ந்தது தெருவில் சுற்றும் கூட்டத்தோடு. அங்கே யாரும் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பவில்லை. 16 வயதில் ஒரு யாகுசா கும்பல் தலைவனின் மனைவி. முதுகில் பச்சை குத்திக்கொண்டாள்: கருணையின் வடிவமான கன்னோனும் ஒரு பாம்பும். நம் பழைய பௌத்த நூல்கள் அவலோகிதர் என்று சொல்லும் அதே கன்னோன். ஜப்பானில் முதுகு நிறையப் பச்சை குத்தியவரைப் பல பொதுக் குளியலிடங்களில்கூடச் சேர்க்க மாட்டார்கள். திரும்பி வரும் வழியைத் தானே அடைத்துக்கொள்வது அது. ஆனால் 16 வயதுப் பெண்ணின் கண்ணில் அது வேறு. எந்தக் கூட்டமும் தன்னை வைத்துக்கொள்ளவில்லை என்று அலைந்தவளுக்கு, இவள் எங்களுடையவள் என்று உடம்பிலேயே எழுதித் தந்த அடையாள அட்டை. யாரும் பிடுங்க முடியாது, அவளே நினைத்தாலும்.

“கெட்ட சகவாசம்” என்று நாம் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவோம். பசித்தவன் எந்த வீட்டுச் சோற்றையும் சாப்பிடுவான் என்று நமக்குத் தெரியும். தனிமையில் காய்ந்த பிள்ளை எந்த வீட்டுக்குள்ளும் நுழையும் என்பதை மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம். அவளுக்கு முதலில் கதவைத் திறந்தவன் ஒரு ரவுடி. பள்ளியோ, ஊரோ, உறவோ அவனை முந்தவில்லை.

அவளுக்காவது கதை நீண்டது. 2015 பிப்ரவரியில், கமகுரா நூலகரின் அறிவிப்புக்கு ஆறு மாதம் முன்பு, கவாசாகி நகரின் தமா ஆற்றங்கரையில் 13 வயதுப் பையன் ஒருவன் கொல்லப்பட்டுக் கிடந்தான். ஜப்பான் கடலில் இருக்கும் ஒரு சின்னத் தீவிலிருந்து இரண்டு ஆண்டுக்குள்தான் குடும்பத்தோடு நகரத்துக்கு வந்திருந்தான். கூடைப்பந்து விளையாடுவான். தன்னைவிட மூத்த பையன்களின் கும்பலோடு சேர்ந்தான். ஜனவரியிலிருந்து பள்ளிக்கு வரவில்லை. அடித்தார்கள், விலக நினைத்தான், முடியவில்லை. கைதானவர்கள் 18 வயதுப் பையன் ஒருவனும் 17 வயதுப் பையன்கள் இருவரும். சேதி பரவியதும் முன்பின் தெரியாதவர்கள் அந்த ஆற்றங்கரைக்கு வந்து பூவும் கூடைப்பந்துகளும் வைத்துவிட்டுப் போனார்கள். கரையில் குவிந்து கிடந்தன.

அதே கவாசாகியில், அப்போது ஏறக்குறைய 12 ஆண்டுகளாக, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஓர் இடம் திறந்திருந்தது. நகரம் ஒன்றுதான். ஆனால் அந்த இடத்துக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில் யாரும் இல்லை.

சேற்றில் ஒரு பள்ளத்தாக்கு

அந்த இடத்துக்குப் போகும் முன் கொஞ்சம் முன்கதை. பள்ளிக்கு வராத பிள்ளைகளை 1966-ல் அரசு எண்ணத் தொடங்கியபோது வைத்த தலைப்பு ‘பள்ளி வெறுப்பு’. பிறகு ‘பள்ளி மறுப்பு’ என்றார்கள். 1998-லிருந்து ‘ஃபுதோகோ’, அதாவது பள்ளிக்கு வராதிருத்தல். குற்றம் பிள்ளையின் மேலிருந்து மெல்ல இறங்குவதை இந்த மூன்று பெயர்களிலும் பார்க்கலாம். இறங்குவதற்கு முன்னால் சில உயிர்கள் போயின. ஐச்சி மாநிலத்தில் ஒரு பாய்மரப் படகுப் பள்ளி இருந்தது. வராத பிள்ளைகளை அடித்து உதைத்துக் கடலில் தள்ளித் திருத்துவதாகச் சொல்லி நடத்தினார்கள். பெற்றவர்களே பணம் கட்டிக் கொண்டுபோய் விட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் அங்கே பிள்ளைகள் செத்தார்கள். நடத்தியவர் கடைசியில் சிறைக்குப் போனார்.

அதே காலத்தில், 1985-ல், கெய்கோ ஒக்குச்சி என்ற ஆசிரியை டோக்கியோவில் ஒரு சாதாரணக் கட்டடத்தில் ‘டோக்கியோ ஷூரே’ என்ற இடத்தைத் தொடங்கினார். அவர் பிள்ளையே பள்ளிக்குப் போக மாட்டேன் என்று நின்ற பிள்ளை. என்ன படிப்பது, படிப்பதா வேண்டாமா என்பதையெல்லாம் பிள்ளைகளே கூடிப் பேசி முடிவு செய்வார்கள். இன்று ஜப்பான் முழுக்க இருக்கும் ‘ஃப்ரீ ஸ்கூல்’களுக்கு அது முன்னோடி. அவர்கள் வென்ற பெரிய போர்களில் ஒன்று கல்வித் திட்டம் சம்பந்தப்பட்டது இல்லை. ரயில் சீசன் டிக்கெட் சம்பந்தப்பட்டது. பள்ளி மாணவர்களுக்கு ரயிலில் சலுகை உண்டு. இவர்கள் எந்தப் பள்ளிக்கும் போகவில்லையே, ஆகவே சலுகை இல்லை. கேட்டுக் கேட்டு, 1993-ல் இவர்களுக்கும் கிடைத்தது. பெரியவர்களுக்கு அது கொஞ்சம் பணம் மிச்சம். காலையில் எல்லோரும் போகும் நேரத்தில், எல்லோரையும்போல ஒரு பாஸைக் காட்டிவிட்டு நடைமேடைக்குப் போக முடிவது எப்படி இருந்திருக்கும் என்று அந்தப் பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்.

பள்ளிக்குள்ளேயே ஒரு புகலிடமும் உருவானது: நர்ஸம்மா இருக்கும் அறை. வயிற்று வலி என்று வந்து படுக்கும் பிள்ளை, வகுப்புக்குத் திரும்பப் போகாது. நேராக அந்த அறைக்கே வரும், அங்கேயே பாடம் எழுதும், அங்கேயே சாப்பிடும், வீட்டுக்குப் போகும். இதற்கு ‘ஹோக்கென்ஷித்சு தோகோ’, சுகாதார அறை வருகை என்று பெயரே இருக்கிறது. யாரும் திட்டம் போட்டு உண்டாக்கிய ஏற்பாடில்லை. மதிப்பெண் போடும் அதிகாரம் இல்லாத ஒரே பெரியவர் எங்கே இருக்கிறார் என்று பிள்ளைகளே மோப்பம் பிடித்துப் போனதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

கவாசாகிக்கு வருவோம். ஹிரோயுகி நிஷினோ என்பவர் 1991-ல் தமா ஆற்றுப் பக்கம் ஒரு குடியிருப்பில் பள்ளி போகாத பிள்ளைகளுக்காக ஓர் இடம் நடத்தத் தொடங்கினார். ‘தமாரிபா’ என்று பெயர். கூடும் இடம் என்று பொருள். ஆற்றின் பெயரும் உள்ளே ஒளிந்திருக்கிறது. 2000-ல் அந்த நகரம் பிள்ளைகளின் உரிமைக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. ஒருவர் உள்ளது உள்ளபடி தானாக இருக்க உரிமை உண்டு என்று அதில் எழுதினார்கள். எழுதும் வேலையில் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் கடைசியாகப் பெரியவர்களுக்கு ஒரு செய்தி வைத்தார்கள்: முதலில் நீங்கள் சந்தோஷமாக இருங்கள், நீங்கள் இல்லாமல் நாங்கள் மட்டும் எப்படி இருக்க முடியும் என்று. நகராட்சிக் கோப்பில் இப்படி ஒரு வாசகம் ஏறியிருப்பதை நினைத்தால் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டு 2003-ல், ஒரு பழைய தொழிற்சாலை இருந்த இடத்தில், சுமார் 10,000 சதுர மீட்டரில் ‘கொதோமோ யுமே பார்க்’ திறந்தது. பிள்ளைகளின் கனவுப் பூங்கா. ஊஞ்சல், சறுக்குமரம் என்று கடையில் வாங்கி நட்டது குறைவு. மண், தண்ணீர், பலகை, சுத்தியல், தீ. பிள்ளைகள் சேற்றில் பள்ளம் தோண்டி ஆறு விடுவார்கள். கால் வழுக்கினால் வழுக்கட்டும். அடிபடாமல் பார்த்துக்கொள்வதைவிட, அடிபடும் சுதந்திரத்தைப் பார்த்துக்கொள்வது அங்கே பெரியவர்களின் வேலை. அதற்குள்ளேயே ‘ஃப்ரீ ஸ்பேஸ் என்’ என்ற இடம். பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் பகல் முழுக்க இருக்கலாம். பாடவேளை கிடையாது. மத்தியானச் சாப்பாட்டைச் சேர்ந்து சமைப்பார்கள். விருப்பமிருந்தால் வெங்காயம் நறுக்கலாம், இல்லாவிட்டால் பக்கத்தில் சும்மா நிற்கலாம். இந்த இடத்தைப் பற்றி 2022-ல் ஓர் ஆவணப்படமும் வந்தது.

2016 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பள்ளிக்கு வராத பிள்ளைக்கு ஓய்வு தேவைப்படலாம், பள்ளிக்கு வெளியிலும் கற்கலாம் என்று ஒப்புக்கொண்ட சட்டம்.

எல்லாம் சரியாகிவிட்டதா? எண்கள் அப்படிச் சொல்லவில்லை. 2023-24 கல்வியாண்டில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் 30 நாளோ அதற்கு மேலோ வராத பிள்ளைகள் 3,46,482 பேர். முந்தைய ஆண்டில் இது 2,99,048. பள்ளிகள் பதிவு செய்த இஜிமே சம்பவங்கள் 7,32,568. இரண்டாவது எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. முன்பு மறைத்ததை இப்போது எண்ணுகிறார்கள் என்பதும் அதில் அடக்கம். முதல் எண்தான் உறுத்துகிறது. கதவு திறந்ததால் வெளியே வந்தார்களா, உள்ளே இன்னும் மோசமாகி வந்தார்களா என்று அங்கே சண்டையே நடக்கிறது. தனியார் ஃப்ரீ ஸ்கூலுக்கு மாதம் சராசரியாக 33,000 யென் ஆகும் என்று அரசின் கணக்கெடுப்பு சொன்னது. கூலி வேலை பார்க்கும் தாய் கட்ட முடியாத தொகை. இப்படி ஓர் இடத்திலேயே பெரியவர் ஒருவர் பிள்ளையிடம் அத்துமீறியதாக வழக்கு வந்ததும் உண்டு. பெயரில் ஃப்ரீ இருப்பதாலேயே ஓர் இடம் நல்ல இடமாகிவிடாது.

கமகுராவுக்கு அந்தக் கவலைகள் கிடையாது. நூலகத்துக்குக் கட்டணம் இல்லை, அனுமதிப் படிவம் இல்லை. வேண்டியதெல்லாம் மேசைக்குப் பின்னால் இருப்பவரின் கட்டுப்பாடு. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குச் சீருடையோடு ஒரு பெண் நுழைந்தால், நம்மூர்க் கிளை நூலகத்தில் எடுத்த எடுப்பில், அன்பாகவேதான், “என்ன பாப்பா, ஸ்கூல் இல்லையா?” என்று கேட்போம். அந்தக் கேள்வியை விழுங்கிக்கொள்வதைத்தான் அந்த நூலகர் அன்றைக்கு ஊரறிய வாக்களித்தார்.

மாறிய பெயர்

மிட்சுயோவை யாகுசா வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தோம். 22 வயதில் அந்தத் திருமணம் முறிந்தது. இதுவரை சிறுமி என்பதால் ‘அவள்’ என்றே எழுதிவந்தேன், இனி ‘அவர்’.

ஒசாகாவில் கிடாஷின்ச்சி என்று ஒரு பகுதி. பெரிய மனிதர்கள் மது அருந்த வரும் இரவு விடுதிகள் நிறைந்த தெருக்கள். அங்கே ஒரு கிளப்பில் விருந்தினரோடு உட்கார்ந்து பேசும் வேலை பார்த்தார். ஒருநாள் வந்த வாடிக்கையாளர்களில் ஒருவர் ஹிரோசபுரோ. மிட்சுயோவின் தந்தைக்கு நண்பர். சின்ன வயதில் பார்த்த பிள்ளையை அடையாளம் கண்டுகொண்டார். அவர் மிட்சுயோவின் முதுகில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்து முகத்தைத் திருப்பவில்லை. தடவிக் கொடுக்கவும் இல்லை. நீ வழி தவறியது உன் குற்றம் மட்டும் இல்லை, உன்னைச் சுற்றியிருந்தவர்களின் குற்றமும்தான்; ஆனால் எழுந்து நிற்காமல் இப்படியே கிடந்தால் அது உன் குற்றம் என்ற பொருளில், சத்தம் போட்டே சொன்னார். யாராவது தன்மேல் இந்த அளவுக்குக் கோபப்பட வேண்டும் என்று மிட்சுயோ எத்தனை ஆண்டு காத்திருந்தாரோ.

பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர். புத்தகத்தைத் திறந்தால் எழுத்தே பாதி புரியாது. அங்கிருந்து தொடங்கி, மனை வணிகத்துக்கான உரிமத் தேர்வை முதலில் எழுதினார். அடுத்து, பத்திரம் எழுதும் சட்ட எழுத்தர் தேர்வு. அஞ்சல் வழியில் பல்கலைக்கழகப் படிப்பு. 1994-ல், 29 வயதில், ஜப்பானின் வழக்கறிஞர் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறினார். நூறு பேர் எழுதினால் இரண்டு, மூன்று பேர் தேறும் தேர்வு அது அந்தக் காலத்தில். வழக்கறிஞராகி, சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர்களின் வழக்குகளை எடுத்தார். எதிரில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கோ பெண்ணுக்கோ, சட்டைக்குள் இருக்கும் கன்னோனையும் பாம்பையும் பற்றித் தெரிந்திருக்கும், புத்தகம்தான் வந்துவிட்டதே. 2003 டிசம்பரில் ஒசாகா நகரின் துணை மேயரானார், இரண்டு ஆண்டுகளுக்கு.

புத்தக அட்டையில் அவர் பெயர் மிட்சுயோ ஓஹிரா என்று இருக்கும். ஓஹிரா அவர் பிறந்த வீட்டுப் பெயர் இல்லை. கிளப்பில் அடையாளம் கண்டுகொண்ட அந்த மனிதரின் முழுப்பெயர் ஹிரோசபுரோ ஓஹிரா. அவர் மிட்சுயோவைத் தன் மகளாகச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்.